அணைச்சிருங்க தம்பி!

(பட்டிமன்றத் தலைப்பு: கல்லூரி ஊர்களில் பொது இடப் புகையை விரட்டப் பெரிதும் துணை நிற்பது சட்டமா? மனமாற்றமா? ‘சட்டமே’ என்னும் அணியின் இரண்டாவது பேச்சு.)

அன்பு நிறைந்த நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே வரிசையாக உட்கார்ந்து, ‘இந்த அம்மா என்னத்தைப் பேசிவிடப் போகிறது’ என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற அண்ணாச்சிமார்களே!  

எனக்கு முன்னாலே பேசின எதிரணி அண்ணாச்சி ரொம்ப அழகாகப் பேசினார்கள். “மனசு மாறணும், மனசு மாறணும்”னு சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினேழு தடவை சொன்னார்கள். (சிரிப்பு) நல்ல வார்த்தைதான். நான் மறுக்கவில்லை. மனசு மாறினால் போலீஸ் ஸ்டேஷனே வேண்டாம், கோர்ட்டே வேண்டாம், ஏன், இந்தப் பட்டிமன்றமே வேண்டாம்! ஆனால் நடுவர் அவர்களே, நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அவர் மனசு மாறுகிற வரைக்கும் அந்தப் புகையை யார் இழுக்கிறது? (கைதட்டல்)

சிகரெட் பிடிக்கிறவருக்கு மனசு மாறப் பத்து வருஷம் ஆகலாம். பொங்கலுக்கு விடுறேன் என்பார், ஆடி கழியட்டும் என்பார், மகள் கல்யாணம் முடியட்டும் என்பார். பேத்தி பிறந்த பிறகும் அவர் பாக்கெட்டிலே தீப்பெட்டி இருக்கும். அதுவரைக்கும் பக்கத்திலே நிற்கிற பிள்ளை மூச்சை நிறுத்தி வைத்துக்கொள்ள முடியுமா? மூச்சு என்ன, பேங்க் டெபாசிட்டா, பத்து வருஷம் கழித்து எடுத்துக்கொள்ள? (சிரிப்பு)

நடுவர் அவர்களே! தலைப்பிலே ‘கல்லூரி ஊர்’ என்று இருக்கிறது. நான் வருவதே ஒரு கல்லூரி ஊரிலிருந்து. பாளையங்கோட்டை. தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று எங்கள் ஊரைச் சொல்லுவார்கள். 1878-லே தொடங்கின தூய யோவான் கல்லூரி, 1923-லே தொடங்கின தூய சவேரியார் கல்லூரி, பெண்களுக்கு சாராள் தக்கர் கல்லூரி, அந்தப் பக்கம் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி, மருத்துவக் கல்லூரி, சித்த மருத்துவக் கல்லூரி. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம். காலையிலே எட்டரை மணிக்கு வந்து பாருங்கள். பஸ்ஸிலே ஆள் தெரியாது, புத்தகப் பைதான் தெரியும்.

இப்படி ஒரு ஊரிலே, எந்த ஊராக இருந்தாலும் சரி, கல்லூரி வாசலுக்கு எதிரே என்ன இருக்கும்? ஒரு டீக்கடை. பக்கத்திலே ஒரு பெட்டிக்கடை. அந்தப் பெட்டிக்கடையிலே ஒரு ஓரமாக ஒரு கயிறு தொங்கும். நுனியிலே கனன்றுகொண்டே இருக்கும். கோயில் அணையா விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஒரு நாள் ஆள் மறந்தாலும் மறப்பார்கள். இந்தக் கயிறு மட்டும் அணையவே அணையாது! (சிரிப்பு, கைதட்டல்) “ஒரு டீ, ஒரு சிகரெட்” என்று நம்ம பிள்ளை வருவான். பதினெட்டு வயசு. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. சினிமாவிலே சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயிலே பிடித்தாரே, அதே ஸ்டைலைப் பழகிப் பார்ப்பான். மூணு தடவை கீழே விழும். நாலாவது தடவை மூக்கிலே இடிக்கும். (சிரிப்பு)

அந்த நேரத்திலே அவனுடைய பேராசிரியர் எதிரே வந்துவிடுவார். இவன் சட்டென்று சிகரெட்டை முதுகுக்குப் பின்னாலே கொண்டுபோவான். என்ன விசேஷம் என்றால், அவரும் ஒரு கையை முதுகுக்குப் பின்னாலே கொண்டுபோவார்! (சிரிப்பு) ரெண்டு பேருக்கும் வணக்கம் சொல்ல ஆசை. கை ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. ரெண்டு பேர் முதுகுக்குப் பின்னாலேயும் புகை. நடுவிலே குரு பக்தி! (பலத்த சிரிப்பு)

நடுவர்: அம்மா, அந்தப் பேராசிரியர் எந்தத் துறை?

தமிழ்த் துறை இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுவேன் ஐயா. (சிரிப்பு, கைதட்டல்)

சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்போது வாயிலே ஏலக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டு போவான். அம்மா, பாவம், வெள்ளந்தி. “என்னலே, ஏலக்காய் மணக்குது? யார் வீட்டுல பாயசம்?” என்று கேட்பாள். (சிரிப்பு)

இதுவரைக்கும் சிரித்தோம். இனிமேல் கொஞ்சம் யோசிக்கணும்.

அதே பஸ் நிறுத்தத்திலே ஒரு பொண்ணு நிற்கிறாள். இளைப்பு உள்ள பிள்ளை. அவள் பக்கத்திலே கைக்குழந்தையோடு ஒரு தாய். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு தாத்தா. இவர்கள் நடுவிலே ஒருத்தர் நின்று பற்ற வைக்கிறார். அந்தப் பொண்ணு துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்துகிறாள். தாய் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடுகிறாள். தாத்தா இருமுகிறார். நடுவர் அவர்களே, மூணு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை? “உங்க அப்பன் வீட்டு ரோடா?” என்று ஒரு கேள்வி வரும் என்று தெரியும். பொண்ணு என்றால் அதற்கு மேலேயும் பேச்சு வரும். ‘நமக்கு எதுக்கு வம்பு, பஸ் வந்துரும்’ என்று நிற்கிறார்கள்.

இந்த மௌனம்தான் இந்தப் பட்டிமன்றத்தின் பிரச்சினை. புகை பிடிக்கிறவர் கெட்டவர் இல்லை. அவர் நம்ம அண்ணன், நம்ம சித்தப்பா, நம்ம பிள்ளை. அவருக்கு எதிரே நிற்கிறவருக்கு வாய் இல்லை. அந்த வாயைக் கொடுத்தது எது? சட்டம்! (கைதட்டல்)

எப்படி என்று கேளுங்கள். 1989-லே வந்த ரயில்வே சட்டத்திலே 167-ஆவது பிரிவு என்று ஒன்று. பெட்டியிலே இருக்கிற சக பயணி ஆட்சேபித்தால் புகை பிடிக்கக் கூடாது. மீறினால் 100 ரூபாய் வரைக்கும் அபராதம். ஒரு வண்டியிலேயோ அதன் ஒரு பகுதியிலேயோ ரயில்வே நிர்வாகமே தடை போடவும் அதிலே இடம் உண்டு. அப்படித் தடை போடாத பெட்டியிலே என்ன ஆகும்? நாம்தான் வாயைத் திறந்து ஆட்சேபிக்கணும். நெல்லை எக்ஸ்பிரஸிலே ராத்திரி முழுக்கப் பக்கத்து சீட்டிலே படுக்கப் போகிறவரிடம், முகம் தெரியாத ஆம்பளையிடம், ஒரு பொம்பளை எழுந்து “ஆட்சேபிக்கிறேன்” என்று சொல்லணும். அவள் என்ன ஹைகோர்ட் வக்கீலா? (சிரிப்பு) பொறுப்பு முழுக்கப் பாதிக்கப்பட்டவள் தலையிலே!

அப்புறம் கதை மாறியது. 1999 ஜூலை 12-ஆம் தேதி, கேரள உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொது இடத்திலே புகை பிடிப்பது பிறருடைய உயிர் வாழும் உரிமையை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவை மீறுகிற செயல் என்று சொன்னது. அந்தத் தீர்ப்புச் சொன்ன அமர்விலே இருந்த நீதிபதிகளில் ஒருவர் யார் தெரியுமா? நம்ம தேவகோட்டைக்காரர், நீதியரசர் ஏ.ஆர். லட்சுமணன் அவர்கள்! (கைதட்டல்) 2001 நவம்பர் 2-ஆம் தேதி, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பஸ், ரயில் இங்கெல்லாம் புகை பிடிக்கக் கூடாது என்று. 2003-லே பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. 2008-லே, காந்தி பிறந்த அக்டோபர் 2-ஆம் தேதியிலிருந்து, அதற்கான விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளிலே என்ன இருக்கிறது என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதனாலே சொல்லிவிடுகிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சினிமா தியேட்டர், ஹோட்டல், டீக்கடை, வேலை பார்க்கிற இடம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம் எல்லாம் பொது இடம். அங்கே பிடித்தால் 200 ரூபாய் வரைக்கும் அபராதம். அந்த இடத்துக்குப் பொறுப்பாளர் ‘இங்கு புகை பிடிப்பது குற்றம்’ என்று போர்டு வைக்கணும். போர்டிலே யாரிடம் புகார் சொல்லணும் என்று பெயரும் இருக்கணும். நாம் புகார் சொல்லியும் அவர் கண்டுகொள்ளவில்லை என்றால் அவருக்கும் அபராதம் உண்டு. அந்த இடத்திலே சாம்பல் கிண்ணம் வைக்கக் கூடாது, தீப்பெட்டி வைக்கக் கூடாது, லைட்டர் வைக்கக் கூடாது. புகை பிடிக்க வசதி பண்ணுகிற எதுவுமே வைக்கக் கூடாது. அப்போ டீக்கடையிலே தொங்குகிற நம்ம அணையாக் கயிறு? அதுவும் கூடாது! (கைதட்டல்)

கல்லூரிக்கு வாருங்கள். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளே, அதாவது சுமார் 91 மீட்டருக்குள்ளே, புகையிலைப் பொருள் எதுவும் விற்கக் கூடாது. பதினெட்டு வயசு நிரம்பாத பிள்ளைக்கு எங்கேயும் விற்கக் கூடாது. இன்னொரு விஷயம். கல்லூரி வளாகத்துக்குள்ளே பிடித்தால் அபராதம் போட போலீஸுக்குத்தான் அதிகாரம் என்று நினைக்காதீர்கள். கல்லூரி முதல்வருக்கே அந்த அதிகாரம் இருக்கிறது!

இப்போ வித்தியாசம் புரிகிறதா நடுவர் அவர்களே? 1989-லே அந்தப் பொண்ணு ஆட்சேபிக்கணும். 2003-க்குப் பிறகு அவள் ஆட்சேபித்தாலும் சரி, பேசாமல் நின்றாலும் சரி, தப்பு தப்புதான். அதனாலே அவள் சண்டை போட வேண்டாம். போர்டைக் காட்டி, “அணைச்சிருங்க தம்பி” என்றால் போதும். அந்த மூணு வார்த்தைக்குப் பின்னாலே அப்பனும் அண்ணனும் வந்து நிற்க வேண்டாம். பாராளுமன்றம் நிற்கிறது! (பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, நீங்க சொன்னது ரெண்டு வார்த்தைதானே? “அணைச்சிருங்க தம்பி.” மூணாவது வார்த்தை எங்கே?

மூணாவது வார்த்தை அவர் சொல்லணும் ஐயா. “மன்னிச்சிருங்க” என்று! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி, எதிரணிக்கு வருகிறேன். மூணு அம்பு விட்டார்கள்.

முதல் அம்பு: “சட்டம் ஏட்டிலேதான் இருக்கு. போர்டுக்குக் கீழேயே நின்னு குடிக்கிறான்.” உண்மை! நானும் பார்த்திருக்கிறேன். ஏன் தெரியுமா? போர்டு வைக்கிற இடத்திலேதான் நல்ல நிழல் இருக்கு. (சிரிப்பு) ஆனால் அண்ணாச்சி, ஒருத்தர் மீறுகிறார் என்பதற்காக அந்தச் சட்டமே வேண்டாமா? வரதட்சிணை வாங்கக் கூடாது என்று 1961-லேயே சட்டம் வந்தது. இன்னும் வாங்குகிறார்கள். அதனாலே அந்தச் சட்டத்தை எடுத்துவிடலாமா? எடுத்தால் முதலிலே சந்தோஷப்படுவது யார்? மாப்பிள்ளை வீட்டார்! (கைதட்டல்)

அது மட்டும் இல்லை. சட்டம் வேலை செய்த இடத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸையும் தியேட்டரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பின்னாலேயிருந்து புரொஜெக்டர் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்திலே புகை சுருள் சுருளாக நீந்தும். திரையிலே கதாநாயகி அழுவாள். கீழே நாமும் அழுவோம். அவள் சோகத்துக்காக இல்லை, கண் எரிச்சலிலே! (சிரிப்பு) பஸ்ஸிலே ‘புகை பிடிக்காதீர்’ என்று எழுதியிருக்கும். எழுத்துக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர் வாயிலேயே பீடி இருக்கும். இன்றைக்கு ஒரு பஸ்ஸுக்குள்ளே ஒருத்தர் பற்ற வைத்துப் பார்க்கட்டும். கண்டக்டர் விசில் அடிக்கிறதுக்கு முன்னாலே பயணிகள் விசில் அடித்துவிடுவார்கள்! இந்த மனமாற்றம் வானத்திலிருந்தா விழுந்தது? சட்டம் முன்னாலே போனது. மனசு பின்னாலே வந்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? (கைதட்டல்)

எண்ணிக்கையும் சொல்கிறேன். நாடு முழுக்க ரெண்டு முறை எடுத்த பெரிய கணக்கெடுப்பு. 2009-10-லே பெரியவர்களிலே நூற்றுக்கு 34.6 பேர் ஏதாவது ஒரு வகையிலே புகையிலை உபயோகித்தார்கள். 2016-17-லே அது 28.6 ஆகக் குறைந்தது. உடனே எதிரணி அண்ணாச்சி எழுந்து, “அதுக்குக் காரணம் வரி, எச்சரிக்கைப் படம், விளம்பரத் தடை” என்பார்கள். ஐயா, வரி, படம், தடை மூணும் என்ன? கவிதையா? மூணும் சட்டம்தானே! (பலத்த கைதட்டல்)

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அதுவும் ஒரு கல்லூரி ஊர்தான். கலிஃபோர்னியாவிலே சான் லூயிஸ் ஒபிஸ்போ என்று ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளே நடுவர் மணி அடித்துவிடுவார். (சிரிப்பு) ஒரு பெரிய பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். 1990 ஆகஸ்ட் மாதம், ஹோட்டல், மது விடுதி உள்பட எல்லாப் பொதுக் கட்டடங்களுக்குள்ளேயும் புகைக்குத் தடை போட்டது. உலகத்திலேயே அப்படி முதலில் தடை போட்ட நகரம் அதுதான். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஆனால் என்ன ஆச்சு? 1995-லே மாநிலம் முழுக்க வேலைத் தலங்களுக்குள்ளே தடை வந்தது. 1998-லே மது விடுதிக்கும் வந்தது. மாணவர்கள் படிக்கிற சின்ன ஊர் ஒன்று, பெரிய மாநிலத்துக்கே வாத்தியார் ஆச்சு!

ரெண்டாவது அம்பு: “என் உடம்பு, என் காசு, என் சிகரெட். அது என் சுதந்திரம்.” சரி, ரொம்ப நியாயம். சட்டமும் அதைத் தொடவில்லை. 2003 சட்டம் ‘சிகரெட்டே பிடிக்காதே’ என்று சொல்லவில்லை. ‘பொது இடத்திலே பிடிக்காதே’ என்றுதான் சொல்கிறது. உங்கள் புகையை நீங்களே முழுசாக விழுங்கிவிடுவதாக இருந்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. (சிரிப்பு) நீங்கள் மிச்சம் வைத்து எங்களுக்குப் பரிமாறுகிறீர்களே, அந்த விருந்துதான் வேண்டாம் என்கிறோம்.

இந்த விருந்து எவ்வளவு கொடுமையானது? ஜப்பானிலே ஹிராயாமா என்கிற மருத்துவ ஆய்வாளர், சிகரெட்டையே தொடாத 91,540 மனைவிமார்களைப் பதினாலு வருஷம் கவனித்து 1981-லே முடிவை வெளியிட்டார். கணவன் புகை பிடிக்கிற வீட்டிலே, பிடிக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று காட்டினார். ஏழேழு ஜென்மத்துக்கும் பாதி பாதி என்று மணவறையிலே சத்தியம் பண்ணினது இதற்காகவா? (சிரிப்பு) உலகத்திலே வருஷத்துக்கு 70 லட்சம் பேருக்கு மேலே புகையிலையாலே சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலே சுமார் 16 லட்சம் பேர் புகை பிடிக்காதவர்கள். பக்கத்திலே இருந்தவர்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த பாவம்.

மூணாவது அம்பு. இதுதான் என் நெஞ்சிலே தைத்த அம்பு. “எங்க திருநெல்வேலிச் சீமையிலே பீடி சுத்திப் பிழைக்கிற ஏழைப் பெண்கள் வயித்திலே சட்டம் அடிக்கிறது” என்று சொன்னார்கள். நடுவர் அவர்களே, இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லணும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், பாவூர்சத்திரம், கடையம். இந்த ஊர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டுத் திண்ணையிலே, வேப்பமரத்தடியிலே, மடியிலே சொளவை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நனைத்து வைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டணும். தூளை வைத்துச் சுருட்டணும். நூல் சுற்றணும். தலையை மடக்கணும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். அந்த ஆயிரத்துக்குத்தான் கூலி. கண்ணை மூடினாலும் விரல் சுற்றிக்கொண்டே இருக்கும். தூள் நெடி நெஞ்சிலே ஏறும், இருமிக்கொண்டே சுற்றுவாள். கடையிலே கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று கொஞ்சத்தைக் கழித்துப் போடுவார்கள். அப்படிச் சேர்த்த காசிலேதான் மகனைப் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள்.

அந்தத் தாயிடம் போய்க் கேளுங்கள். “அம்மா, உன் மகன் காலேஜ் வாசல்ல நின்னு பீடி குடிச்சா உனக்கு வியாபாரம் நடக்கும், குடிக்கட்டுமா?” என்று கேளுங்கள். சொளவாலேயே அடிப்பாள்! (பலத்த கைதட்டல்) “நான் சுத்துறதே நீ அதைத் தொடக் கூடாதுன்னுதாம்லே” என்பாள். “நான் இருமுறது போதும், நீ இருமாத” என்பாள். மகளும் சொளவைத் தொடக் கூடாது, அவள் கையிலே பேனாதான் இருக்கணும் என்பது அவள் கனவு. (கைதட்டல்)

அவளுக்கு வயிறு இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை. பீடி குறைந்தால் அவளுக்கு மாற்று வேலை வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் அதை யார் கொடுப்பது? யாருடைய மனமாற்றம் கொடுக்கும்? வரலாற்றைப் பாருங்கள். வீட்டிலே உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது 1966-லே. முதலாளி மனசு மாறியா கிடைத்தது? பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்ததாலே கிடைத்தது! 1976-லே நலநிதிச் சட்டம் வந்தது. பீடித் தொழிலாளி பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகை என்று ஒன்று வந்தது. அவளுக்குச் சோறு போட்டதும் சட்டம். இனி மாற்று வேலை வாங்கிக் கொடுக்கப் போவதும் சட்டம்தான். அவளைக் காட்டி அவள் மகனுக்குப் புகை போடாதீர்கள் அண்ணாச்சி! (பலத்த கைதட்டல்)

பெட்டிக்கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. நூறு கெஜத்துக்குள்ளே கடையே வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கடலைமிட்டாய் விற்கலாம், பேனா விற்கலாம், மோர் விற்கலாம், ஜெராக்ஸ் போடலாம். பரீட்சை நேரத்திலே ஜெராக்ஸிலே வருகிற லாபம் சிகரெட்டிலே வராது! (சிரிப்பு)

கடைசியாக மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. சிகரெட் பெட்டியிலே 2016-லிருந்து 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வைத்தது சட்டம். ஆனால் நீங்கள் பெட்டியாகவா வாங்குகிறீர்கள்? ஒத்தை சிகரெட்தானே வாங்குகிறீர்கள்! அந்தப் படம் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. உங்களைப் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் அந்தப் பெட்டியை வாங்கித் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள்.

(மணி ஒலிக்கிறது)

இதோ முடித்துவிட்டேன் ஐயா. சிகரெட்டைத்தான் பாதியிலே அணைக்கலாம், பேச்சைப் பாதியிலே அணைக்கக் கூடாது. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! சட்டம் தானாக நடக்காது. யாராவது வாயைத் திறக்கணும். நாளைக்குக் காலையிலே உங்கள் ஊர்ப் பஸ் நிறுத்தத்திலே ஒருத்தர் பற்ற வைத்தால், கோபப்படாதீர்கள், திட்டாதீர்கள். சிரித்த முகத்தோடு “அணைச்சிருங்க தம்பி” என்று சொல்லிப் பாருங்கள். அவர் தயங்கினால், பக்கத்திலே நிற்கிறவர், “ஆமா தம்பி, அவங்க சொல்றது சரிதான்” என்று கூடச் சேருங்கள். கல்லூரி முதல்வர்கள் அந்த ரசீதுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து ஒரு தடவை வெளியே எடுங்கள். 200 ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனால் நாலு பேருக்கு முன்னாலே அந்த ரசீதை வாங்கினவன், அடுத்த தடவை நாலு பேரைப் பார்த்த பிறகுதான் தீப்பெட்டியை எடுப்பான். அந்த ‘நாலு பேரைப் பார்ப்பது’ இருக்கிறதே, அதைத்தான் எதிரணி அண்ணாச்சி மனமாற்றம் என்று சொன்னார்கள். அது சட்டம் பெற்ற பிள்ளை! தாயை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் மாலை போடாதீர்கள் என்று எதிரணியைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)

ஆகவே, கல்லூரி ஊர்களில் பொது இடப் புகையை விரட்டப் பெரிதும் துணை நிற்பது சட்டமே, சட்டமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களைக் கேட்டு அமர்கிறேன். 

(பலத்த கைதட்டல்)